வாங்காத காசுக்கு வரி

நான் திருடி என்று அரசாங்கமே எழுதி, முத்திரை குத்தி, தபாலில் அனுப்பியிருந்தது. அதுவும் காலையில், கடையில் ஆள் நிற்கிற நேரத்தில். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "வரி ஆபீஸ்லேர்ந்துங்க!" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அந்த மனுஷனுக்கு மெதுவாகப் பேசவே வராது.

உறையைக் கிழித்தேன். மூச்சு விடாமல் போகிற வாக்கியங்கள். இரண்டு இடத்தில் மட்டும் கண் நின்றது. ஒன்று, கட்ட வேண்டிய தொகை. அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. கடையை விற்று, மெஷின்களை விற்று, கூடவே என் வீட்டுக்காரரையும் யாராவது வாங்கிக்கொண்டால்கூடப் பாதி தேறாது. இன்னொன்று, 'வருமானத்தை வேண்டுமென்றே மறைத்ததற்காக அபராதம்' என்ற வரி. அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மறைச்சேனாம்ல! எதை மறைச்சேன்? இந்தக் கடையில மறைக்க என்ன இருக்கு? ஊர் அழுக்கெல்லாம் என் கவுண்டர் மேலதான் கிடக்கு, எல்லாரும் பாக்கறாங்க!" என்று கத்தினேன்.

பின்கட்டில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். எங்களுடையது சலவைக் கடை. முன்னால் கவுண்டர், நடுவில் சலவை மெஷின்களும் பெரிய டிரையரும், கடைசியில் அவருடைய இஸ்திரி மேஜை. அந்த நீராவிக்குள் நின்று நின்று, பேச்சையும் அதிலேயே கரைத்துவிட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிக்கொள்கிறேன்.

கவுண்டரில் இருந்த என் நாத்தனார் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது. "அண்ணி, இது பில் மெஷின் தொகை" என்றாள். "கோட்டு விலையெல்லாம் கூட்டி வச்சிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்கிறேன், கேளுங்கள்.

கடை ஆரம்பித்த புதிதில் ஒருத்தர் கோட்டில் இஸ்திரி சூட்டுக்கு ஒரு பொத்தான் உருகிவிட்டது. பொத்தான்தானே, மாற்றித் தருகிறோம் என்றோம். அவரோ, அது வெளிநாட்டுக் கோட்டு, இன்ன விலை என்று ஒரு தொகை சொன்னார் பாருங்கள், அந்த விலைக்கு ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கலாம். அழுது அழுது கட்டினோம். அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். துணியைக் கையில் வாங்கும்போதே, "இதோட மதிப்பு எவ்வளவு?" என்று கேட்டு, அவர்கள் வாயால் சொல்வதை பில்லில் எழுதிவிட வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் அதற்கு மேல் பேச்சில்லை. நல்ல சட்டம். இன்றைக்குக் கேட்டாலும் நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஜனங்கள் இருக்கிறார்களே! மதிப்பு என்ன என்று கேட்டால் கோட்டின் மதிப்பையா சொல்கிறார்கள்? அவரவர் மதிப்பைச் சொல்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு வாடிக்கையாளர் நின்றால் விலை இரண்டு மடங்கு. மாமியார் கூட வந்திருந்தால் நாலு மடங்கு. காலர் நைந்துபோன கோட்டுக்கு ஒருத்தர் தன் ஒரு மாதச் சம்பளத்தைச் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன என்று எழுதிக்கொள்வோம். வாங்குவது சலவைக் கூலி மட்டும்தானே.

கையால் எழுதிய காலம் வரைக்கும் வம்பில்லை. போன வருஷம், எல்லாக் கடைக்காரரும் வரி ஆபீஸோடு இணைத்த பில் மெஷின்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த மெஷினில் கூலி போட இடம் இருந்தது, மதிப்பு போட இடம் இல்லை. "சட்டம் சட்டம்தான், ரெண்டாவது வரியில போட்டுடு" என்று நாத்தனாரிடம் சொன்னேன். போட்டாள். மெஷினுக்கு வீம்பா தெரியும், வீராப்பா தெரியும்? இரண்டையும் கூட்டி, இதுதான் இவர்கள் வசூல் என்று ஆபீஸுக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் ஆடிட்டர், கையில் வந்த பணத்துக்கு மட்டும் கணக்குக் காட்டி வரி கட்டியிருந்தார். நடுவில் இருந்த அத்தனை பெரிய பள்ளத்துக்கும் பெயர்தான் 'மறைத்த வருமானம்'. ஊர்க்காரர்கள் விட்ட பீலாவுக்கெல்லாம் நான் வரி கட்ட வேண்டுமாம்!

அன்றைக்கே ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, மேஜை மேல் ஒரு தூசி இல்லை. ஆடிட்டருக்கு என் பிள்ளை வயசுதான் இருக்கும், ஆனால் சட்டைக் காலர் எப்போதும் விறைப்பாக நிற்கும். அது என் வீட்டுக்காரர் கைவண்ணம்.

"பதறாதீங்கம்மா. வரியை எதிர்த்து அப்பீல் போடலாம். அது மெதுவா நடக்கும். ஆபத்து அபராதத்துலதான். அதுக்குத் தடை வாங்கலைன்னா வந்து மெஷினுக்கெல்லாம் சீல் வச்சுடுவாங்க."

"வைக்கட்டுமே பாப்போம்."

"கோபப்பட்டு என்ன ஆகப்போகுது? அபராதத்துலேர்ந்து விலக்கு கேட்க சட்டத்துலயே வழி இருக்கு. நியாயமான காரணம் காட்டணும். நோய், வெள்ளம், தீ விபத்து..."

"தீ என் வயித்துலதான் பிடிச்சிருக்கு. அதைக் காட்டலாமா?"

அவர் சிரிக்கவில்லை. பேனாவை உருட்டினார். "இல்லேன்னா, ஊழியர் செஞ்ச தப்பு. முதலாளிக்குத் தெரியாம ஊழியர் தப்பான தொகையைப் பதிஞ்சு, கேக்கறப்ப மறைச்சுட்டாங்கன்னு அவங்களே ஒரு கடிதம் குடுத்தா, அபராதம் முழுசா தள்ளுபடி. இந்த மாதிரி நிறைய பண்ணியிருக்கோம். உங்க நாத்தனார்தானே கவுண்டர்ல? வீட்டு ஆளு, சொன்னா கேப்பாங்க."

"எனக்குத் தெரியாமலா? போடச் சொன்னதே நான்தான் சார்! அது இருக்கட்டும், வரிக் கணக்கு தாக்கல் பண்றப்ப மெஷின் தொகை என்னன்னு நீங்க ஒரு தடவை பாத்தீங்களா?"

பேனா உருளுவது நின்றது. "அது... வழக்கமா நாங்க அதைப் பாக்கறதில்லம்மா."

"அதைப் பாக்காம வேற எதைப் பாக்கறதுக்கு உங்களுக்குப் பணம் குடுக்கறேன்?" என்று கேட்டுவிட்டு எழுந்தேன். "இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா, உங்க சட்டையை நீங்களே துவைச்சுக்குங்க."

என் நாத்தனாருக்கும் எனக்கும் எலியும் பூனையும் மாதிரிதான். மின்விசிறியை நான் போட்டால் அவள் நிறுத்துவாள். டீயில் சர்க்கரை என்றால் நான் குறைவு என்பேன், அவள் அதிகம் என்பாள். அண்ணி அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே நான் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். எத்தனையோ தடவை, இவள் எப்போது கிளம்புவாள் என்று நினைத்திருக்கிறேன்.

ஆனால் அவள் இங்கே வந்த கதை வேறு. கட்டிக்கொடுத்த இடம் இரும்புச் சாமான் கடை. கல்லாவில் பணம் குறைகிறது என்று ஒருநாள் அவள் புருஷன் கூச்சல் போட்டான். நடுத்தெருவில் அவள் பெட்டியைக் கொட்டிப் பார்த்தார்கள். பெட்டியில் ஒன்றும் இல்லை. ஆனால் கொட்டிப் பார்த்தார்கள் என்பதே ஊருக்குப் போதுமே! அந்தப் பேரோடுதான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மறுநாள் காலை கல்லாச் சாவியை அவள் கையில் கொடுத்து, தெருவில் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிற மாதிரி கவுண்டரில் உட்கார வைத்தேன். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆத்திரம். திருடியாமே, எங்கே பார்க்கலாம் என்று ஆத்திரம். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு காசு குறைந்ததில்லை. கூடுதலாக இருந்தால்கூட யார் விட்டுப்போனது என்று ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

அவளைப் போய் 'மறைத்தாள்' என்று எழுத வேண்டுமாம். இரும்புக் கடைக்காரன் நடுத்தெருவில் சொன்ன பொய்யை நாங்கள் முத்திரைத் தாளில் உண்மையாக்கித் தர வேண்டுமாம்.

சில நாள் கழித்து, கடை ஷட்டரை இறக்கும்போது நாத்தனார் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது."

"கத்தக் கூடாதுன்னாலே எனக்குக் கத்தணும் போல இருக்கு. சொல்லு."

"ஆடிட்டர் போன் பண்ணார். போய்க் கையெழுத்து போட்டுட்டு வந்துட்டேன். மனுவோட சேத்துக் குடுத்துட்டாராம்."

ஷட்டர் என் கையிலிருந்து நழுவித் தடாலென்று விழுந்தது. "யாரைக் கேட்டுடி போட்டே? என்னன்னு போட்டே?"

"நான்தான் தப்பாப் பதிஞ்சேன், உங்களுக்குத் தெரியாம மறைச்சேன்னு." அவள் தரையைப் பார்த்தாள். "கடை போனா அண்ணன் என்ன பண்ணுவார் அண்ணி? எனக்கு ஏற்கெனவே இருக்கற பேருதானே. முழுக்க நனைஞ்சவளுக்கு முக்காடு எதுக்கு?"

"ஏய்! ஈரத்தைக் காயவச்சுக் குடுக்கத்தான்டி நான் கடை போட்டு உக்காந்திருக்கேன்!" என்று அலறினேன். எதிர்ச்சாரி மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். "உன் பேரு உன் சொத்து மட்டும்தானா? நீ என்ன அதை இஷ்டத்துக்குத் தூக்கிக் குடுக்கறது? அந்தக் கல்லாவுல உன்னை உக்காத்தி வச்சவ நான். நீ திருடின்னா, நான் முட்டாளா?"

அவள் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் ஆத்திரம் அதை முந்திக்கொண்டது. என் வீட்டுக்காரர் வந்து ஷட்டருக்குப் பூட்டுப் போட்டார். "அவ பேரை எழுத விடாதே" என்றார். ஒரு மாதத்துக்கு உண்டான பேச்சை அன்றைக்கே பேசிவிட்டார்.

அப்பீல் மனுவை விசாரிக்க ஆபீஸில் நாள் குறித்திருந்தார்கள். ஆக, அந்த விசாரணைக்கு முன்னால் எனக்கு இரண்டு வேலை இருந்தது. பில்லில் உள்ள மதிப்பெல்லாம் நான் வாங்காத காசு என்று காட்ட வேண்டும். நாத்தனார் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டும்.

வாடிக்கையாளர்களிடம், 'நான் சலவைக் கூலி மட்டும்தான் கொடுத்தேன், மதிப்பு என்பது சும்மா சொன்னது' என்று இரண்டு வரி எழுதி வாங்கலாம் என்று கிளம்பினேன். முதலில் போட்டோகிராபர் வீடு. கடைக்கு வரும்போதெல்லாம் மதிப்பைச் சத்தமாகச் சொல்கிறவர் அவர். விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

"அது எப்படிங்க? எழுதிக் குடுத்தா நான் சொன்ன விலை பொய்ன்னு ஆயிடாதா?"

"பொய்தானே சார்."

"என்னங்க நீங்க, அது இறக்குமதித் துணி..."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். "எந்தக் கோட்டுங்க? அந்த நீலக் கோட்டா? அது பழைய துணிக் கடையில கூறுகட்டி வித்ததாச்சே! ரெண்டு வாங்கினா ஒண்ணு இனாம்னு தூக்கிட்டு வந்தார்."

போட்டோகிராபர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கழுவாத பிலிம் மாதிரி இருட்டிப்போனது. அப்படியும் எழுதித் தரவில்லை. அவர் மானம் அவருக்கு. நாலைந்து வீடு ஏறி இறங்கினேன். ஒருத்தர் ஊரில் இல்லை என்றார், அவரே வந்து கதவைத் திறந்து. இன்னொருத்தர், வரி ஆபீஸ் விவகாரம் என்றாலே ஒதுங்கிவிடுவது தன் கொள்கை என்றார். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்! இவர்கள் மடியில் என்னதான் வைத்திருக்கிறார்களோ.

எரிச்சலோடு கடைக்கு வந்து, பின்கட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன். எதிரே சுவரோரமாக எங்கள் அனாதைத் துணிகள் தொங்கின. எந்தச் சலவைக் கடைக்குப் போனாலும் இது இருக்கும். துவைக்கப் போட்டுவிட்டு மறந்து போனவர்கள், வீடு மாற்றிப் போனவர்கள், கூலி கொடுக்க மனசில்லாமல் விட்டவர்கள், உடம்பு பெருத்துப்போய் இனி எதற்கு என்று விட்டவர்கள். ஒவ்வொன்றிலும் எங்கள் பில்லின் பாதி குத்தியிருக்கும். பணம் கட்டி எடுத்துப் போகும்போதுதான் அதைக் கிழித்து முத்திரை போட்டுக் கொடுப்போம். கிழியாத பில் என்றால், கூலிகூட வரவில்லை என்று அர்த்தம்.

கூலியே வரவில்லை. ஆனால் மெஷின் அந்த பில்லையும் சேர்த்துத்தானே கூட்டி அனுப்பியிருக்கிறது?

"என்னங்க! வேனைக் கழுவி வைங்க!" என்று கத்தினேன்.

விசாரணை அன்றைக்கு வரி ஆபீஸ் வாசலில் எங்கள் டெலிவரி வேனை நிறுத்தி, சக்கரம் வைத்த துணி ஸ்டாண்டுகளை இறக்கினோம். கோட்டு, மேல்கோட்டு, கம்பளிச் சால்வை, திரைச்சீலை, ஒரு வெள்ளைக் கல்யாண கவுன் எல்லாம், மெஷின் பில் குத்தியவை மட்டும், வரிசையாகத் தொங்கின. வாசல் காவலாளி குறுக்கே வந்தார்.

"என்னம்மா இது?"

"வருமானம். மறைச்சு வச்சிருக்கேன்னு எழுதியிருந்தாங்க. அதான் வெளியில எடுத்துட்டு வந்திருக்கேன்."

காவலாளி ஒரு கோட்டை விலக்கிப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார். ஆடிட்டர் வராண்டாவில் எங்களைப் பார்த்ததும், "ஐயோ, என்னம்மா இதெல்லாம், மானம் போகுது" என்றார். "மானத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க சார்" என்று ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒரு சக்கரம் கீச்கீச்சென்று கத்தியது. ஒவ்வோர் அறையிலிருந்தும் தலை நீண்டது.

அப்பீல் அதிகாரி ஒரு அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இங்க துணி விக்கறதெல்லாம் கூடாது."

"விக்க வரல மேடம். ஒப்படைக்க வந்திருக்கேன். நீங்க போட்ட கணக்குப்படி இது அத்தனையும் நான் வாங்கின பணம். எடுத்துக்குங்க. இந்த ஒரு சால்வையே அரை வருஷ வரிக்கு வரும்."

"உக்காருங்க முதல்ல."

உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன், பொத்தானில் ஆரம்பித்து. அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் எழுந்து வந்து, ஒரு பழுப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். முழங்கையில் துணி தேய்ந்து பின்னல் தெரிந்தது. குத்தியிருந்த பில்லைப் படித்தார். புருவம் ஏறியது.

"இந்தக் கோட்டா இவ்வளவு?"

"அவர் சொன்னது மேடம். நான் யாரையும் பொய் சொல்றவங்கன்னு சொன்னதில்ல. உங்க ஆபீஸ்தான் சொல்லுது."

எழுத்தரைக் கூப்பிட்டு அந்த பில் எண்ணைக் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொன்னார். "இருக்கு மேடம். வசூல்ல சேத்திருக்கு" என்றார் எழுத்தர். கல்யாண கவுனில் இருந்த எண்ணைச் சொன்னார். அதுவும் இருந்தது. திரைச்சீலை. இருந்தது. அப்புறம் அவராகவே ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல ஆரம்பித்தார். எழுத்தர் இருக்கு, இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"இதுக்கெல்லாம் யாருமே பணம் குடுக்கலையா?"

"குடுத்திருந்தா கோட்டு ஏன் மேடம் என்கிட்ட இருக்கு?"

அறையில் இருந்த ஒருத்தர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, நெடுநேரம் எங்கள் பில் நகல்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி. முதல் வரி கூலி, இரண்டாவது வரி பெருமை. கிழியாத பில்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், பேங்கில் கட்டிய பணம் முதல் வரியோடு ஒத்துப்போனது.

"சரி. கூடுதலா போட்ட வரி நிக்காது. அதை எடுத்துடறேன்" என்றார். எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தேன். "அபராதத்துக்குத்தான் தனி மனு குடுத்திருக்கீங்களே. வேண்டுமென்றே மறைச்சதுன்னு போட்டதும் இனிமே நிக்காது. ஆனா தப்பான தொகை பதிவாகியிருக்கு, ஒரு வருஷமா. அதுக்குன்னு ஒரு அபராதம் உண்டு. உங்க ஊழியர் உங்களுக்குத் தெரியாம பண்ணதா இந்தக் கடிதம் சொல்லுது. இதை ஏத்துக்கிட்டா அதுவும் தள்ளுபடி. நீங்க ஒரு காசு கட்ட வேண்டாம்."

ஆடிட்டர் வேகமாகத் தலையாட்டினார்.

"அந்தக் கடிதம் பொய் மேடம். திருப்பிக் குடுத்துடுங்க."

அதிகாரி என் பின்னால் பார்த்தார். நாத்தனார் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "நீங்கதானே எழுதினது? இதுல இருக்கறது உண்மையா?"

"உண்மைதாங்க" என்றாள் அவள். "நான்தான் போட்டேன். அண்ணிக்குத் தெரியாது."

"வாயை மூடு!" எனக்குக் கண் மண் தெரியவில்லை. ஆபீஸ் என்றும் பார்க்கவில்லை. "மேடம், என் கடை. என் மெஷின். நான் போட்ட சட்டம். இவ விரல் அழுத்துச்சு, அவ்வளவுதான். ரெண்டாவது வரியில போடுன்னு சொன்னவ நான். மறுபடி சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன், உங்க மெஷின்ல அதுக்கு ஒரு இடம் வச்சிருந்தா இந்தக் கூத்தே இல்ல. அபராதம் போடணுமா, போடுங்க, என் பேர்ல போடுங்க. இவ எதையும் மறைக்கல. இவளுக்கு மறைக்கத் தெரியாது. இவ மறைச்சான்னு ஒரு தாள் இந்த ஆபீஸ்ல இருந்துச்சுன்னா, அது இருக்கற வரைக்கும் நான் இங்கேர்ந்து போக மாட்டேன். கோட்டையெல்லாம் இங்கயே மாட்டிட்டு, நானும் இங்கயே உக்காந்துக்கறேன்!"

"அம்மா, கொஞ்சம் யோசிங்க" என்றார் அதிகாரி. அதட்டவில்லை. "உங்க பேர்ல போட்டா முழு அபராதம். குறைக்க எனக்கு அதிகாரம் இல்ல. சின்னத் தொகை இல்ல அது."

"எவ்வளவு?"

சொன்னார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தொங்கிய கோட்டின் தோள்பட்டையில் சுருக்கம் நீவிக்கொண்டிருந்தார். "டிரையரை வித்துடலாம்" என்றார், நீவுவதை நிறுத்தாமல்.

அதிகாரி கோப்பிலிருந்து அந்தக் கடிதத்தை உருவி, வாபஸ் என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கி, நாத்தனாரைக் கூப்பிட்டு அவள் கையிலேயே கொடுத்தார். அவள் அதை நாலாக மடித்துக்கொண்டாள். வேனில் ஏறியதும் சின்னச் சின்னதாகக் கிழித்தாள். கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கடை வரைக்கும் வந்தாள்.

டிரையரை விற்றோம். அபராதத்தைக் கட்டினோம். மொட்டை மாடியில் கயிறு கட்டித் துணி காயப்போட்டோம். மழை வந்தால் மூன்று பேரும் திட்டிக்கொண்டே மாடிக்கு ஓடினோம். வீம்புக்குக் கட்டிய பணம் என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். என் காதுபடவே சொன்னார்கள். வீம்புதான். என் பணம், என் வீம்பு, இவர்களுக்கு எங்கே வலிக்கிறது?

ஒருநாள் ஆடிட்டர் கடைக்கு வந்தார், தன் கட்டணத்துக்கான பில்லோடு. கவுண்டரில் நாலைந்து பேர் நின்றார்கள், போட்டோகிராபர் உட்பட. ஆடிட்டர் என்னிடம்தான் நீட்டினார். என் கை முழுக்க ஈரம். நாத்தனார் வாங்கிப் படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றாள்.

"இது என்ன சார், கடிதம் தயாரித்த வகையில்?"

"அதாம்மா... அபராத விலக்குக்கு உங்க பேர்ல ஒண்ணு தயார் பண்ணோமே."

"அதுக்கும் கட்டணமா?"

"வேலை செஞ்சிருக்கோம்லம்மா. அதுவும் இல்லாம, நீங்கதானே கையெழுத்து போட்டீங்க."

"போட்டேன் சார். பயந்துபோய்ப் போட்டேன்." அவள் எழுந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருத்தரிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. "ஆனா மறைச்சேன்ங்கற வார்த்தை என் வாயிலேர்ந்து வரல. நீங்க எழுதினது. மெஷின் தொகையைப் பாக்காம விட்டது நீங்க. அதை மூட என் பேரு உங்களுக்குக் கிடைச்சுது. ஏற்கெனவே கெட்ட பேரு, இன்னும் கொஞ்சம் கெட்டா என்னன்னு நினைச்சீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்ப நினைக்கல. என்னைத் திருடின்னு எழுதினதுக்கு நானே உங்களுக்குக் கூலி குடுக்கணுமா?"

உள்ளே இஸ்திரிப் பெட்டியின் புஸ்ஸென்ற சத்தம் நின்றுவிட்டது. ஆடிட்டர் என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்களாவது சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். என்னிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. இப்படியும் ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

நாத்தனார் பேனாவை எடுத்து அந்த வரியைக் குறுக்கே அடித்தாள். மீதியைக் கூட்டினாள், கல்லாவைத் திறந்தாள், பணத்தை எண்ணி அவர் முன்னால் வைத்தாள். ஒரு வெள்ளைத் தாளையும் பக்கத்தில் வைத்தாள்.

"வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் குடுங்க."

அவர் குனிந்து எழுத ஆரம்பித்தார். அவள் கவுண்டர் மேல் சாய்ந்து பார்த்தாள்.

"கடை பேரு வேண்டாம் சார். குடுத்தது நான். என் பேரை எழுதுங்க."